255 வாட் பெட்டிக்குள் எந்த கிராபிக்ஸ் கார்டு நுழையும்?

கேள்வி: திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். போன வருடம் ரீஃபர்பிஷ்டு டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 ஒன்று வாங்கினோம். சின்ன கேபினட், எஸ்எஃப்எஃப் மாடல். ஐ5-4590 பிராசஸர், 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்), எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பவர் சப்ளை) மேல் 255 வாட் என்று ஒட்டியிருக்கிறது. மகன் விஷுவல் கம்யூனிகேஷன் முதலாண்டு. டாவின்சி ரிசால்வில் எடிட்டிங் பழக வேண்டும், வாலரண்டும் ஜிடிஏ 5-ம் விளையாட வேண்டும் என்கிறான். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி தருகிறேன் என்கிறார்கள். இன்னொரு கடையில் புது ஜிடி 730 4 ஜிபி போதும் என்கிறார்கள். எதை வாங்கலாம்? பெட்டியைத் திறந்து எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். ஆர்எக்ஸ் 580 உங்கள் பெட்டிக்குள் போகாது. ஜிடி 730 உள்ளே போகும், ஆனால் காசுக்குப் பலன் இருக்காது.

580-ஐ முதலில் பார்ப்போம். அந்தக் கார்டு மட்டுமே 185 வாட் இழுக்கும். ஐ5-4590-க்கு 84 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 40 வாட் என்று வையுங்கள். கூட்டினால் 309. உங்கள் எஸ்எம்பிஎஸ் கொடுப்பது 255. இதைத் தவிர 580-க்கு 8 பின் தனி பவர் கேபிள் வேண்டும், உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கேபிளே கிடையாது. "சாட்டா கேபிளில் இருந்து கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறோம்" என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஒரு சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர். ஆக 54 வாட்தான் அதன் எல்லை. 6 பின் கனெக்டரே 75 வாட் கேட்கலாம், 8 பின் 150 வாட் வரை கேட்கும். அவ்வளவையும் அந்த மெல்லிய பின்கள் வழியே இழுத்தால் முதலில் பிளாஸ்டிக் இளகும், பிறகு கருகும்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே என்று தோன்றும். இந்தத் தலைமுறை ஆப்டிபிளெக்ஸில் மதர்போர்டுக்குப் போகும் மெயின் கனெக்டர் 8 பின். சந்தையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் இருப்பது 24 பின். இடையில் போட அடாப்டர் கிடைக்கிறது, ஆனால் பெரிய எஸ்எம்பிஎஸ் இந்தச் சின்னக் கேபினட்டுக்குள் உட்காராது. அதை வெளியே தொங்கவிட்டு ஓட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் வைக்கிற மெஷினுக்கு அது வேண்டாம்.

இப்போது ஜிடி 730. "4 ஜிபி" என்ற எழுத்தைப் பெரிதாகப் போட்டு விற்பார்கள். இந்தப் பெயரில் 2014 முதல் பல வகைகள் வந்தன, கடைகளில் அதிகம் கிடைப்பது டிடிஆர்3 மெமரியும் 64 பிட் பஸ்ஸும் கொண்டது. அதில் மெமரி வேகம் நொடிக்கு 14.4 ஜிபி. உங்கள் மதர்போர்டில் இன்னொரு 8 ஜிபி ரேம் ஸ்டிக் போட்டு டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை) ஆக்கினால், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எச்டி 4600 கிராபிக்ஸுக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 25.6 ஜிபி. அதைப் பிராசஸரோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்பது உண்மைதான், இருந்தாலும் கணக்கு உங்களுக்கே புரியும். மெதுவான மெமரி 4 ஜிபி இருந்தால் என்ன, 2 ஜிபி இருந்தால் என்ன? அந்தச் சிப் 4 ஜிபியை நிரப்பும் அளவுக்கு எந்த கேமையும் ஓட்டாது. போதாக்குறைக்கு, இதன் கெப்ளர் தலைமுறைக்கு புது கேம் டிரைவர்களை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது.

ஆகவே உங்கள் 15,000-த்தில் முதல் செலவு கார்டு அல்ல, ரேம். ரிசால்வுக்கு 16 ஜிபி வேண்டும் என்று அதைத் தயாரிக்கும் நிறுவனமே சொல்கிறது, 8 ஜிபியில் டைம்லைனை இழுக்கும்போதே திணறும். உங்கள் போர்டில் நான்கு ரேம் ஸ்லாட் இருக்கிறது. டெஸ்க்டாப் டிடிஆர்3, 1600 மெகாஹெர்ட்ஸ் (ஸ்டிக்கரில் பிசி3-12800 என்றோ பிசி3எல்-12800 என்றோ இருக்கும்) 8 ஜிபி ஸ்டிக் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். லேப்டாப் ரேம் நீளம் குறைவு, பொருந்தாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வரில் இருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேமை வாங்கினால் மெஷின் ஆன் ஆகாது. ஸ்லாட் கிளிப்பின் நிறத்தைப் பார்த்து, இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நிற ஸ்லாட்களில் போடுங்கள்.

இனி கார்டு. உங்கள் பெட்டி மூன்று கட்டாயங்களைப் போடுகிறது.

ஒன்று, தனி பவர் கேபிள் கேட்காத கார்டாக இருக்க வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட், அதற்குள் முடிய வேண்டும்.

இரண்டு, உயரம். சாதாரண கார்டின் பின்பக்க உலோகத் தகடு சுமார் 12 செ.மீ. உயரம். உங்கள் கேபினட்டில் உள்ள இடம் சுமார் 8 செ.மீ. "லோ ப்ரொஃபைல்" வகை மட்டும்தான் மூடி போட விடும்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிக்காமல் காசை இழக்கிறார்கள்: கார்டின் தடிமன். உங்கள் இரண்டாவது படத்தைப் பாருங்கள். நீல நிற ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே இருக்கிறது. அதுதான் 16 லேன் (தரவு போகும் பாதை) உள்ள உண்மையான கிராபிக்ஸ் ஸ்லாட். அதில் ஒற்றை ஸ்லாட் தடிமன் உள்ள கார்டுதான் போகும். இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ள கார்டின் ஃபேன் நேராக எஸ்எம்பிஎஸ்ஸில் முட்டும். லோ ப்ரொஃபைல் ஜிடிஎக்ஸ் 1650, லோ ப்ரொஃபைல் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி எல்லாம் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமன்தான். "பக்கத்தில் கருப்பு ஸ்லாட் இருக்கிறதே, அதில் போடலாமே" என்பார்கள். நீளம் அதே போல இருந்தாலும் அதற்குள் வயரிங் 4 லேன் மட்டும், அதுவும் பிசிஐஇ 2.0. நொடிக்கு 2 ஜிபி போகும். நீல ஸ்லாட்டில் 3.0 வேகத்தில் 16 லேன், நொடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி. நல்ல கார்டை வாங்கிக் கருப்பில் செருகுவது காசைக் கரைப்பது.

இந்த மூன்றும் சேர்ந்து பட்டியலை மிகவும் சுருக்கிவிடும். அதில் எனக்குச் சரியாகப் படுவது என்விடியா டி1000 (ஆங்கிலத்தில் T1000), 4 ஜிபி. இது கேமிங் கார்டாக விற்கப்படுவதில்லை. ஆஃபீஸ் ஒர்க்ஸ்டேஷன்களுக்காக 2021-ல் வந்தது. உள்ளே இருப்பது ஜிடிஎக்ஸ் 1650-ல் உள்ள அதே டியூரிங் சிப், அதே 896 கோர். மின்சாரம் மட்டும் 50 வாட்டுக்குக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், அதனால் 1650-ஐ விடக் கொஞ்சம் பின்தங்கும். மெமரி ஜிடிடிஆர்6, 128 பிட், நொடிக்கு 160 ஜிபி. ஒற்றை ஸ்லாட், லோ ப்ரொஃபைல், பிசிஐஇ 3.0-ல் முழு 16 லேன். உங்கள் நீல ஸ்லாட்டுக்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். வீடியோ என்கோடரும் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் பகுதி) உண்டு, மகன் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் செய்யும்போது அந்தச் சுமை பிராசஸர் மேல் விழாது.

புதிதாக வாங்கினால் டி1000 உங்கள் தொகையைத் தாண்டிவிடும். கம்பெனி ஒர்க்ஸ்டேஷன்களில் இருந்து கழற்றி விற்கப்படுவதைத் தேடுங்கள். அது அமையவில்லை என்றால் டி600: 640 கோர், 40 வாட், அதே 4 ஜிபி, அதே மெமரி வேகம்.

பழைய கார்டு என்பதால் கடையில் நின்றே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. முதலில் பின்பக்கம் மினி டிஸ்ப்ளேபோர்ட் துளைகளை எண்ணுங்கள். டி600-க்கும் டி1000-க்கும் நான்கு. மூன்று மட்டும் இருந்தால் அது டி400, வெறும் 384 கோர், ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் சரி. டி600-ஐயும் டி1000-ஐயும் பார்வையில் பிரிக்க முடியாது. கடையின் மெஷினில் போட்டு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். ஷேடர் எண்ணிக்கை (கோர் எண்ணிக்கைதான்) 896 என்று காட்ட வேண்டும். போலி பயாஸ் (உள்ளிருக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றிய கார்டாக இருந்தால் பெயருக்கு முன்னால் அதுவே போலி என்று காட்டிவிடும். அதன்பின் ஃபர்மார்க் போன்ற ஒரு சோதனையைக் கால் மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளிகள், கோடுகள், நிறக்கட்டங்கள் வந்தால் மெமரி போய்விட்டது, எவ்வளவு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள். வெப்பம் மட்டும் வேகமாக ஏறினால் பெரும்பாலும் தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும்தான். அதைச் சரிசெய்து தரச் சொல்லி வாங்கலாம்.

பிராக்கெட்டை மறந்துவிடாதீர்கள். டி வரிசை புதிதாக வரும்போது பெட்டிக்குள் உயரமான தகடும் குட்டைத் தகடும் இரண்டும் இருக்கும். டவர் மெஷினில் இருந்து கழற்றியது என்றால் உயரமான தகடு மட்டும் மாட்டியிருக்கும், குட்டைத் தகடு காணாமல் போயிருக்கும். தனியாகத் தேடினால் அலைச்சல். குட்டைத் தகடு கையில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

"பழைய பொருளே வேண்டாம், பில்லும் வாரண்டியும் வேண்டும்" என்றால் ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400. 2022-ல் வந்தது, 53 வாட், 4 ஜிபி, ஒற்றை ஸ்லாட் லோ ப்ரொஃபைல் மாடல்கள் உண்டு (எல்லாமே அப்படி இல்லை, பெட்டியின் மேல் பார்த்து வாங்குங்கள்). இதில் இரண்டு குறைகள் தெரிந்தே எடுக்க வேண்டும். இந்தக் கார்டுக்கு 4 லேன்தான் உண்டு. பிசிஐஇ 4.0 உள்ள புது மெஷினில் அதுவே நொடிக்கு 8 ஜிபி தரும், உங்கள் 3.0 ஸ்லாட்டில் பாதியாகி 4 ஜிபிக்குக் கீழே போகும். 4 ஜிபி மெமரிக்குள் அடங்கும் கேமில் இது பெரிதாகத் தெரியாது. டெக்ஸ்சரை உயர்த்தி வைத்து மெமரி நிரம்பியதும், மிச்சத்தை மெயின் ரேமில் இருந்து அந்தக் குறுகிய வழியே இழுக்க வேண்டிவரும். அப்போதுதான் படம் விட்டுவிட்டு ஓடும். இரண்டாவது குறை, இதில் வீடியோ என்கோடரே கிடையாது. எடிட்டிங் பழகப்போகும் பையனுக்கு அது உறுத்தும். வாலரண்டுக்கு மட்டும் என்றால் தயங்காமல் 6400-ஐயே சொல்லியிருப்பேன்.

மற்றவை? ஜிடி 1030-ஐ யாராவது காட்டினால், ஒரே பெயரில் இரண்டு கார்டு இருப்பதை நினைவில் வையுங்கள். 2017-ல் வந்த ஜிடிடிஆர்5 வகைக்கு மெமரி வேகம் 48 ஜிபி. அடுத்த ஆண்டு சத்தமில்லாமல் வந்த டிடிஆர்4 வகைக்கு 16.8 ஜிபி. பெயரில் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் என்கோடரும் இல்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ நல்ல கார்டுதான், ஆனால் அந்தப் பாஸ்கல் தலைமுறைக்குப் புது கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். அதோடு சந்தையில் போலி 1050 டிஐ அதிகம். பாஸ்கல் சிப்பில் அனலாக் வெளியீடு இல்லை, எனவே நீல விஜிஏ துளையோடு ஒரு "1050 டிஐ" வந்தால் கையிலேயே எடுக்காதீர்கள். இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380 இரண்டும் ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் பிராசஸர் ஒரே மூச்சில் அணுகும் வசதி) இருந்தால்தான் சரியாக ஓடும். பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸருக்கு அவற்றை இன்டெல்லே பரிந்துரைப்பதில்லை. உங்களுடையது நான்காம் தலைமுறை.

மாட்டும் முறை. முதலில் டெல் தளத்தில் உங்கள் சர்வீஸ் டேக்கைக் கொடுத்து கடைசி பயாஸ் அப்டேட்டைப் போட்டுவிடுங்கள், கார்டு வாங்கும் முன்பே. பிறகு விண்டோஸில் ஸ்டார்ட்டை அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் பயாஸ் மோட் தெரியும். யுஇஎஃப்ஐ என்று இருந்தால் நல்லது. லெகசி என்று இருந்தால் புதிய கார்டுகளில் கருப்புத் திரை வர வாய்ப்புண்டு, குறிப்பாக 6400-ல். அவசரப்பட்டு பயாஸில் மட்டும் மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் டிஸ்க்கை எம்பிஆர்2ஜிபிடி என்ற விண்டோஸ் கருவியால் ஜிபிடி என்ற டிஸ்க் அமைப்புக்கு மாற்றிவிட்டு, அதன்பின் எஃப்2 அழுத்தி பயாஸில் யுஇஎஃப்ஐ-க்கு மாற்ற வேண்டும். மாற்றும் முன் முக்கிய ஃபைல்களை வேறு டிரைவில் எடுத்து வையுங்கள்.

மெஷினை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு கார்டைக் கையில் எடுங்கள். நீல ஸ்லாட்டில் நேராக வைத்து, பின்முனை கிளிப் "க்ளிக்" என்று பூட்டும் வரை அழுத்துங்கள். தகட்டின் கீழ்நுனி மதர்போர்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இறங்கியதா என்று பாருங்கள். அது வெளியே நின்றால் கார்டு சாய்ந்துவிடும், மெஷின் ஆன் ஆகும், ஆனால் திரை வராது. பலர் கார்டு செத்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுபோவது இந்த நிலையில்தான்.

மானிட்டர் கேபிளைப் பழைய இடத்தில் இருந்து எடுத்துக் கார்டில் மாட்டுங்கள். மதர்போர்டு பக்கமே விட்டுவிட்டு "கார்டு போட்டும் கேம் அப்படியேதான் ஓடுகிறது" என்பவர்கள் நிறைய. டி1000-ல் இருப்பது மினி டிஸ்ப்ளேபோர்ட். எச்டிஎம்ஐ உள்ள மானிட்டருக்குச் சாதாரண, விலை குறைந்த மாற்றியே போதும். மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் உள்ளே சிப் உள்ள ஆக்டிவ் மாற்றி வேண்டும், வெறும் வயர் மாற்றி வேலை செய்யாது. 6400-ல் நேரடியாகவே ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கிறது.

டிரைவர் இறக்கும்போது என்விடியா தளத்தில் ஜிஃபோர்ஸ் பட்டியலில் டி1000 இருக்காது. குவாட்ரோ, ஆர்டிஎக்ஸ் தொழில்முறை கார்டுகள் பட்டியலில் தேடுங்கள். போட்டு முடித்ததும் ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சுமை கொடுத்தால் எக்ஸ்16 3.0 என்று வர வேண்டும் (6400 என்றால் எக்ஸ்4 3.0). சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டுவது மின்சிக்கனம், பயப்பட வேண்டாம்.

ஓட்டம் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். வாலரண்ட் 1080பி-யில் தாராளமாக ஓடும். ஜிடிஏ 5-ல் பழைய லெகசி பதிப்பைப் போடுங்கள், 2025-ல் வந்த புதிய என்ஹான்ஸ்டு பதிப்பு உங்கள் பிராசஸருக்குக் கனம். டெக்ஸ்சரை நார்மலில் வைத்து, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஊருக்குள் வேகமாகக் கார் ஓட்டும்போது மட்டும் சொடுக்குச் சொடுக்காக நின்றால் காரணம் கார்டு அல்ல, நான்கு த்ரெட் மட்டும் உள்ள பிராசஸர். பின்னால் காசு சேர்ந்தால் ஐ7-4790 செகண்ட் ஹேண்டில் வாங்கி அதே சாக்கெட்டில் போடலாம். நான்கு கோர், எட்டு த்ரெட், அதே 84 வாட். எஸ்எம்பிஎஸ் கணக்கு மாறாது. அந்தப் பெயருக்குப் பின்னால் கே என்ற எழுத்துள்ளது வேண்டாம், இந்தப் பெட்டியின் கூலருக்கு அது தாங்காது. ரிசால்வில் 1080பி காட்சிகளை வெட்டி ஒட்டி, நிறம் திருத்துவது வரை சமாளிக்கும். 4கே காட்சி கொடுத்தால் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய நகல்) உருவாக்கி வேலை செய்யப் பழகட்டும்.

விண்டோஸ் விஷயம் ஒன்று பாக்கி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. யாராவது குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்றால், மகனிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உங்கள் மெஷினில் இருப்பது டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) 1.2. விண்டோஸ் 11-ல் வாலரண்ட் டிபிஎம் 2.0-ஐயும் செக்யூர் பூட்டையும் கட்டாயம் கேட்கும், இல்லாவிட்டால் வேன் 9001 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். விண்டோஸ் 10-ல் அந்தக் கட்டாயம் இல்லை. இப்போதைக்கு 10-லேயே இருந்து, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இதே கேள்வியோடு டவர் கேபினட் வைத்திருப்பவர்களும் எழுதுகிறார்கள். முழு உயரக் கேபினட், எஸ்எம்பிஎஸ் 250 வாட்டுக்கு மேல், கார்டுக்குத் தனி கேபிள் இல்லை என்றால் நேராக ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிக்குப் போங்கள். 2024-ல் வந்தது, 70 வாட், 2304 கோர். இதன் அண்ணன் 3050 8 ஜிபி வேறு கார்டு. 2560 கோர், 130 வாட், தனி பவர் கேபிள் கேட்கும். பில்லில் "3050" என்று மட்டும் எழுதாமல் எத்தனை ஜிபி என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் அதேதான்: பழைய டி1000 வாங்கினாலும் மாடல் பெயர், சீரியல் எண், குறைந்தது ஏழு நாள் மாற்றித்தரும் உறுதி மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் ரேம் ஸ்டிக் மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம்.